அழுகிற குழந்தையைக் குலுக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிறந்து இரண்டு வாரத்தில் அதிகமாகத் தொடங்கும் அழுகை ஆறாவது, எட்டாவது வாரத்தில் உச்சத்துக்குப் போகும். பால் கொடுத்து, துணி மாற்றி, தூளியில் போட்ட பிறகும் சாயங்காலம் முழுக்க வீறிட்டு அழும் குழந்தைகள் உண்டு. இது இயல்பு, தாயின் குறை இல்லை. அந்த நேரத்தில் யாரோ பொறுமை இழந்து பிள்ளையின் அக்குளைப் பிடித்து வேகமாகக் குலுக்கிவிடுகிறார்கள். தலை கனம், கழுத்துக்கு வலு இல்லை. மூளையின் மேலுள்ள மெல்லிய ரத்தக்குழாய்கள் அறுந்து உள்ளே ரத்தம் கசியும். பிரிட்டிஷ் மூளை அறுவை மருத்துவர் கத்கெல்ச் 1971-லேயே இதை எழுதிவிட்டார். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாமல் போகலாம் என்பதுதான் கொடுமை. துவண்டு கிடந்தாலோ வாந்தி, வலிப்பு வந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள், குலுக்கியதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். தூளியை மெதுவாக ஆட்டுவதால் இது வராது, அந்தப் பயம் வேண்டாம்.

கோபம் தலைக்கேறுகிறதா, குழந்தையை மல்லாக்கப் பத்திரமாகப் படுக்கவைத்துவிட்டு 10 நிமிடம் வெளியே வந்து நில்லுங்கள், அழட்டும். அப்புறம், ராத்திரி இரண்டு மணிக்கு அப்பாக்களும் எழுந்து பிள்ளையை வாங்கிக்கொள்ள வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்கள் இதை அப்பாவிடமும் பாட்டியிடமும் சேர்த்துச் சொல்லலாமே; ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் தடுப்பூசியின் முதல் ஊசி போடுவதும் அதே ஆறாவது வாரத்தில்தான்.

ஒரு வாசகி, திண்டுக்கல்