மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊராருக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள ஊராருக்கு,

போன சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் வாசித்ததுதான் என் கடைசிக் கச்சேரி. மைக்கைக் கையில் கொடுத்தார்கள். 31 வருடம் மிருதங்கம் பக்கவாத்தியமாக வாசித்தவனுக்குப் பேச வரவில்லை; கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டேன். அந்தப் பாக்கிதான் இது.

முதலில் அம்மா. இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் பேர் கூப்பிடும் இடத்துக்கு, போனவர். ஒரு பள்ளி விடுமுறையில் என்னையும் ரப்பர் மரம் சீவும் வெட்டுக்காட்டுக்குக் கூட்டிப்போனார். பால் நிறைய வரட்டும் என்று கத்தியை அழுத்தி இழுத்தேன். "பட்டையை மட்டும் சீவுடா, கட்டையில பட்டா மரம் புண்ணாயிடும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். பின்னாளில் மிருதங்கத்தின் சிறிய முகமான வலந்தலையை ஓங்கி ஓங்கி அடித்துவிட்டு நாதம் வரவில்லையே என்று விழித்தபோது, நினைவுக்கு வந்தது அந்தக் கைதான்.

மிருதங்கம் சொல்லிக்கொடுத்த ஈப்போ வாத்தியாருக்கு என்ன சொல்ல? நான் இடக்கைக்காரன். வீட்டில் சோற்றுக்கைக்கு மாற்றிவிட்டார்கள், பள்ளியில் பென்சிலையும் மாற்றினார்கள். அவர் மட்டும் மாற்றவில்லை. "மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையும் இடக்கைதான். எதிரே உட்கார், கண்ணாடியில் பார்ப்பது மாதிரி என்னைப் பார்த்து வாசி" என்றார். சொல்லிக்கொடுத்த வேலை அதோடு பாதி முடிந்துவிட்டது.

ஆனால் மேடையில் ஒரு சிக்கல் உண்டு. வலந்தலை சபையைப் பார்க்க வேண்டும். அதற்கு இடக்கைக்காரன் பாடகரின் இடப்பக்கம் உட்கார வேண்டும். அது வயலினுக்கு உரிய இடம். முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள், விடுங்கள். ஒரு வயலின் அம்மா மட்டும் நான் வருவதற்குள் தன் விரிப்பை எடுத்துப் பாடகரின் வலப்பக்கம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருநாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. அம்மா, உங்களுக்கு நன்றி.

அப்புறம் பசார் பக்கத்துச் செருப்புக்கடைச் சீனத் தவுக்கே, கடை முதலாளி. மிருதங்கத்தை அதற்கு முன் பார்த்ததே இல்லை. வார் தளர்ந்து நான் கலங்கி நின்ற ஒரு மாலையில், கடையை மூடாமல் இழுத்துக் கட்டிக்கொடுத்தார். ஒரு வெள்ளிகூட வாங்கவில்லை. தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

தோலைப் பற்றி நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நம் ஊர் ஈரக்காற்றில் தோல் தளரும், சுருதி இறங்கும். குளிர்சாதன அரங்கில் காய்ந்து இறுகும், சுருதி ஏறும். தலைநகரில் ஒரு பெரிய அரங்கில் இது தெரியாமல், வெளியே சுருதி சேர்த்துக்கொண்டு நேராக மேடையேறினேன். இரண்டாவது பாட்டிலேயே எங்கோ போய்விட்டது. பாடகர் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் சுடுகிறது. அதன் பிறகு ஒரு மணி நேரம் முன்னதாகவே வாத்தியத்தை மேடையில் வைத்துவிடுவேன். எனக்கு முன் வந்து அரங்கைத் திறந்துவிட்ட காவலாளிகள் எத்தனை பேரோ! பெயர் கேட்டு வைக்காதது என் தப்பு.

ரப்பர் தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனையாகிவிட்டது, தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளில் ஆளில்லை. ஆனாலும் சனிக்கிழமை முன்வரிசையில் அந்த லயத்து முகங்கள்தாம் இருந்தன. மிருதங்கம் தனித்து வாசிக்கும் தனியாவர்த்தனம் ஆரம்பித்தால் காப்பி குடிக்க எழுந்து போகும் சபைகளைப் பார்த்தவன் நான். நீங்கள் ஒருவரும் எழவில்லை.

என் பழைய மிருதங்கத்தை மண்டபத்திலேயே விட்டிருக்கிறேன். பெரிய முகமான தொப்பியில் பூசும் ரவை மாவை வாசித்து முடித்ததும் சுரண்டி எடுத்துவிடுங்கள், பூஞ்சை பிடிக்கும். இடக்கைப் பிள்ளை யாராவது வந்தால் கையை மாற்றாதீர்கள், மிருதங்கத்தைத் திருப்பி வையுங்கள். சாவி அர்ச்சகர் வீட்டில் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் தோட்டத்துப் பையன்