உள்ளாட்சித் தேர்தல்: வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்தல்

குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

உள்ளாட்சித் தேர்தலுக்கான வாக்காளர் பட்டியல் சட்டமன்றத் தொகுதிப் பட்டியலை அடிப்படையாகக் கொண்டே வார்டு வாரியாகத் தயாரிக்கப்படுவதால், அதில் பெயர் இல்லாதவர்கள் இப்போதே படிவம் 6-ஐ, வயது மற்றும் முகவரிச் சான்றுகளுடன், தங்கள் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமோ இணையத்திலோ அளிக்க வேண்டுகிறோம். வாக்காளர் அட்டை கையில் இருந்தாலும் பட்டியலில் பெயர் இல்லையெனில் வாக்களிக்க இயலாது. இதைப் பலரும் வாக்குச்சாவடி வாசலில்தான் அறிகிறார்கள்.

பிள்ளைகளின் படிப்புக்காக ஏற்காட்டிலிருந்து சேலத்திற்குக் குடிபெயர்ந்தவர்கள் நம்மில் பலர். அவர்கள் படிவம் 8 மூலம் முகவரியை மாற்றிக்கொள்ள வேண்டும். ஊர்ப்பாசம் புரிகிறது; எனினும் ஒருவர் பெயர் இரண்டு இடங்களில் இருப்பதைச் சட்டம் அனுமதிப்பதில்லை.

வாக்களிக்கும் முறையும் இரண்டு இடங்களிலும் வேறானது. 60 வார்டுகள் கொண்ட சேலம் மாநகராட்சியில் வாக்காளருக்கு ஒரே வாக்கு. தம் வார்டு உறுப்பினரை மட்டுமே அவர் தேர்ந்தெடுக்கிறார், மேயரை மாமன்ற உறுப்பினர்கள் தேர்வு செய்கிறார்கள். மலையில் உள்ள ஊராட்சிகளிலோ, 2019-இல் நடந்ததைப் போல, ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றிய வார்டு உறுப்பினர், மாவட்ட ஊராட்சி வார்டு உறுப்பினர் என நான்கு வாக்குகள். தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்திற்குப் பச்சை, மாவட்டத்திற்கு மஞ்சள் என வாக்குச்சீட்டின் நிறம் மாறும் என்பதை வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு முன்கூட்டியே விளக்கிச் சொல்லுங்கள்.

பட்டியல் தொடர்பான ஐயங்களுக்கு 1950 என்ற எண்ணை அழைக்கலாம்.