இன்ஜினை நிறுத்திட்டு எங்கங்க படுக்கறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க. நாமக்கல் பக்கத்துல இருந்து எழுதறேன். 27 வருசமா லாரி ஓட்டறேன், உங்க பேப்பரை டீக்கடை பெஞ்சுல படிக்க ஆரம்பிச்சவன், இப்ப போன்ல படிக்கறேன். போன ஞாயித்துக்கிழமை டீசல் சிக்கனத்தப் பத்தி ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. நல்ல விசயம்தான், படிச்சிட்டே வந்தேன். ஓய்வு நேரத்துலயும் ஏசிக்காக இன்ஜினை ஓடவிட்டுத் தூங்கற டிரைவர்களோட சொகுசுப் பழக்கம் மாறணும்னு ஒரு வரி. அந்த சொகுசுங்கற வார்த்தையத் தாண்டி எனக்கு மேல படிக்க முடியலீங்க. எழுதினவரு சின்னப் பையனா இருப்பாரு, யாரோ ஓனர் சொன்னதக் கேட்டு எழுதியிருப்பாரு, அவரு மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி நீங்க பாத்திருப்பீங்களே சார். மே மாசத்துல லாரி கேபின் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதுன்னு என்னால நம்ப முடியல.

தெரிஞ்சாலும் நான் பட்டத சொல்றேன். போன கோடையில நாக்பூருக்கு லோடு. ஓசூர், ஹைதராபாத், ஆதிலாபாத்னு 44ம் நம்பர் ரோட்டுலயே ஒத்த டிரைவரா போய்ச் சேந்தேன். கிளீனர் வெச்சுக்கற காலமெல்லாம் எப்பவோ போயிடுச்சு, கட்டுப்படி ஆகறதில்லைன்னு நிறுத்திட்டாங்க. விடியக்காலம் நாலு மணிக்கு பேக்டரி கேட்டுல நிக்கறேன், உள்ள விடல, டோக்கன் குடுத்து வரிசையில நிக்கச் சொன்னாங்க. மரம் மட்டை எதுவும் இல்லாத ரோடு. பத்து மணிக்கே அனல் அடிக்குது. 45 டிகிரின்னு போன்ல காட்டுது, அது வெளிய. கேபினுக்குள்ள கண்ணாடி வழியா வெயில் நேரா மடியில விழுகுது, சீட்டுக்கு அடியிலதான் இன்ஜின், நிறுத்துனாலும் ரெண்டு மூணு மணி நேரத்துக்கு அந்தச் சூடு கீழ இருந்து ஏறிக்கிட்டே இருக்கும். வண்டியத் திருப்பி நிறுத்தலாம்னா வரிசை போயிடும். பக்கத்து வண்டிக்காரர் ஆந்திராக்காரரு, வண்டிக்கு அடியில தார்ப்பாய விரிச்சுப் படுத்துட்டாரு. நானும் சின்ன வயசுல அப்படித்தான் படுத்தேன், நிழலுக்கு அதவிட்டா வேற இடம் கிடையாது, ஆனா அப்படித் தூங்கறவங்க மேல தெரியாம வண்டிய எடுத்து உசுரு போன கதை எல்லா ஷெட்டுலயும் ஒண்ணாவது இருக்கு. அதுக்கப்புறம் நான் அடியில படுக்கறதில்ல. மத்தியானம் தலை சுத்தி வாந்தி வர்ற மாதிரி இருந்துச்சு, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி ஏசிய போட்டு மூணு மணி நேரம் தூங்குனேன். அவ்வளவுதானுங்க நான் செஞ்ச சொகுசு.

ஊருக்கு வந்து கணக்கு முடிக்கும்போது ஜிபிஎஸ்ல வந்த பேப்பர எடுத்து முன்னாடி வெக்கறாங்க. ஐடிலிங், அதாவது வண்டி நின்னுக்கிட்டே இன்ஜின் ஓடுனது, 3 மணி 10 நிமிசம். எட்டு லிட்டர் டீசல், லிட்டர் 92 ரூபா, 736 ரூபாய பேட்டாவுல புடிச்சுட்டாங்க. 45 டிகிரில நின்னேன்னு சொன்னேன், மிசின் பொய் சொல்லாதுன்னாங்க. மிசின் பொய் சொல்லலீங்க, வண்டி நின்னதும் இன்ஜின் ஓடுனதும் நிசந்தான். நான் எதுக்கு ஓடவிட்டேன்னு அந்தப் பேப்பர்ல இல்ல, அதே மாதிரி உங்க கட்டுரையிலயும் இல்ல, அதான் எனக்கு வேதனை.

இன்ஜினைச் சும்மா ஓடவிடறது நல்லதுன்னு நான் சொல்லவே மாட்டேன். புகையக் குறைக்கற விதிப்படி இப்ப வர்ற பிஎஸ்6 வண்டியில ரொம்ப நேரம் ஐடிலிங் விட்டா புகை பில்டர்ல கரி அடைச்சு வார்னிங் லைட்டு எரியும், நடு ரோட்டுல பவர் இழுக்காது, அந்தச் சிரமமும் எங்களுக்குத்தான். புகை கெடுதல்னு எங்களுக்குத் தெரியாதா, அந்தப் புகைக்கு நடுவுலதான சார் நாங்க சோறு திங்கறோம். இன்ஜினை நிறுத்திட்டு சின்ன ஃபேனைப் போட்டுப் படுக்கலாம், நானும் படுத்திருக்கேன், காலையில பேட்டரி இறங்கி செல்ஃப் எடுக்காது. பாரம் ஏத்துன வண்டியத் தள்ள முடியுமா, பக்கத்து வண்டிக்காரர் கால்ல விழாத குறையா கேட்டு வயர் போட்டு எடுக்கணும், அதுக்குள்ள நம்ம டோக்கன் நம்பரத் தாண்டிப் போயிருக்கும்.

அமெரிக்காவுல கலிபோர்னியாவுல அஞ்சு நிமிசத்துக்கு மேல இன்ஜினை ஓடவிடக் கூடாதுன்னு சட்டம் இருக்குன்னு கட்டுரையில போட்டிருந்தீங்க. உண்மைதான். அங்க ஓட்டற பஞ்சாப் டிரைவருங்க போடற யூடியூப் வீடியோ நான் ராத்திரியில பாப்பேன், அவங்க வண்டியில கேபினுக்குப் பின்னாடி கட்டில் இருக்கு, இன்ஜின் இல்லாம ஏசி ஓட தனியா சின்ன மோட்டாரோ பேட்டரியோ வெச்சிருக்காங்க, வண்டி நிறுத்தறதுக்கு குளிக்கற வசதியோட பெரிய பெரிய இடம் இருக்கு. 11 மணி நேரம் ஓட்டுனா அப்புறம் 10 மணி நேரம் ஓய்வு எடுத்தே ஆகணும். நீங்க அதுல அந்த அஞ்சு நிமிசத்த மட்டும் எடுத்துக்கிட்டீங்க, மீதிய விட்டுட்டீங்க.

நம்ம ஊருலயும் சட்டம் இல்லாம இல்ல. 1961லயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் போட்டாங்க, ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை, 5 மணி நேரத்துக்கு ஒரு தடவை அரை மணி நேரமாவது ஓய்வுன்னு அதுல இருந்துச்சு. 27 வருசத்துல எத்தன மணி நேரம் ஓட்டுனேன்னு என்னைய ஒருத்தரும் கேட்டதில்ல. லோடு எப்ப வரும்னுதான் போன் வரும். கட்கரி அமைச்சரே 2023ல மேடையில பேசுனாரு, டிரைவருங்க 43, 47 டிகிரில ஓட்டறாங்கன்னு. அப்புறம் 2025 அக்டோபர் 1ல இருந்து தயாராகற மூணரை டன்னுக்கு மேல உள்ள சரக்கு வண்டிக்கெல்லாம் ஏசி கேபின் கட்டாயம்னு ஆச்சு, நாங்க சந்தோசப்பட்டோம். ஆனா அந்த ஏசி ஓடறது இன்ஜின் சுத்துனாத்தானே சார். ஓட்டும்போது ஏசி, படுக்கும்போது நிறுத்துன்னா, தூக்கம் கெட்டவன் மறுநாள் ஏசியில ஓட்டி யாருக்கு என்ன லாபம்? 2024 பிப்ரவரில பிரதமர் ஹைவேல டிரைவருங்களுக்கு முதல்ல ஆயிரம் ஓய்வு இல்லம் கட்டப் போறோம்னாரு, கட்டட்டும், நான் கும்பிடறேன், ஆனா பேக்டரி கேட்டுல ரெண்டு நாள் நிக்கறவனுக்கு ஹைவேல இருக்கற கட்டில் எப்படி உதவும். வண்டிய விட்டுட்டு லாட்ஜுல போய்ப் படுன்னா லோடுக்கு யாரு காவல், தார்ப்பாய அறுத்துட்டுப் போவான், டேங்க்ல டீசலை உறிஞ்சுட்டுப் போவான், அதையும் எங்க பேட்டாவுலதான் புடிப்பாங்க.

எண்ணூர் ரோட்டுல துறைமுகத்துக்கு நிக்கற டிரெய்லர் வரிசைய உங்க பேப்பரே போட்டோ போட்டிருக்கு, போக்குவரத்து நெரிசல், பொதுமக்கள் அவதின்னு. அந்த வண்டிக்குள்ள இருக்கறவனும் பொதுமக்கள்ல ஒருத்தன்தானுங்களே? பத்தடி நகரும், நிக்கும், நகரும், கண்ண மூடுனா பின்னாடி ஹாரன். இன்ஜினை நிறுத்தி நிறுத்தி எடுத்தா பிரேக்குக்கு வேண்டிய காத்து இறங்கி பிரேக் புடிச்சுக்கும். ஒண்ணுக்குப் போக எடம் இல்ல, தண்ணி விலைக்கு வாங்கணும். ஆக்சிடென்ட் பண்ணிட்டு போலீசுக்குச் சொல்லாம ஓடிட்டா பத்து வருசம் வரைக்கும் ஜெயில்னு வந்த சட்டத்துக்கு 2024 ஜனவரில வடக்க டிரைவருங்க ஸ்டிரைக் பண்ணப்பயும் பெட்ரோல் கிடைக்கலேங்கறதுதான் பெரிய எழுத்துல வந்துச்சு. எங்களப் பத்தி எழுதுறப்ப எல்லாம் எங்களால அடுத்தவங்களுக்கு என்ன தொந்தரவுன்னுதான் எழுதறீங்க சார். எம் பையனுக்கு லைசென்ஸ் எடுத்துக் குடுக்கறேன்னேன், கோயமுத்தூர்ல ஏதாவது கடையில நிக்கறேன் இது வேண்டாம்னுட்டான், டிரைவருன்னா பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு அவங்கம்மா சொல்றா. எனக்குப் பதில் சொல்லத் தெரியல.

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. நான் போற பாதி பேக்டரில கேட்டு பக்கத்துலயே டிரைவர் ஓய்வறைன்னு போர்டு போட்ட ரூம் இருக்கு, உள்ள ஃபேனு கூட இருக்கு, ஆனா பூட்டித்தான் இருக்கும், சாவி யார்கிட்டன்னு செக்யூரிட்டிக்கே தெரியாது. யாராவது அதிகாரி வர்ற அன்னைக்குத் திறந்து கழுவி விடுவாங்க. அந்தப் பூட்டைத் திறந்து விடச் சொல்லி உங்க பேப்பர்ல நாலு வரி எழுதுங்க. திறந்துட்டாங்கன்னா நானே இன்ஜினை நிறுத்திட்டுப் போய்ப் படுத்துக்கறேன்.

இப்படிக்கு,
உங்க வாசகன், ஒரு லாரி டிரைவர்,
நாமக்கல் மாவட்டம்.