கேஜைப் பாத்து இல்லைங்க, சென்சாரைப் பாத்து வாங்கணும்

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்ங்க,

நான் கோயம்புத்தூர்ல இருந்து எழுதறேன். இ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) வந்ததுல இருந்து மைலேஜ் கொறையுது, பழைய வண்டில ரப்பர் பைப் போகுதுன்னு எல்லாரும் பேசறாங்க, அது பேச வேண்டிய விஷயம்தான், ஆனா சொந்தமா வண்டி ட்யூன் பண்றவங்களுக்கு அதே பெட்ரோலால இன்னொரு தலைவலி இருக்கு, அது வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் சம்பந்தப்பட்டது, அதாவது சைலன்சர் புகைய அளந்து என்ஜினுக்குப் போற பெட்ரோல் ஜாஸ்தியா கம்மியான்னு கேஜ்ல நம்பராக் காட்டறது, அத ஒரு பிஸ்டன் செலவு பண்ணி கத்துக்கிட்டேன், அதனாலதான் இந்த லெட்டர்.

எங்கிட்ட இருக்கறது பழைய எஸ்டீம், 1.3 லிட்டர் 16 வால்வ் என்ஜின். கம்பெனி ஈசியூவ (என்ஜின் கம்ப்யூட்டர்) எடுத்துட்டு, நாமளே ட்யூன் பண்ணிக்கற ஸ்பீடுயினோ போர்டு போட்டு, எப்ப எவ்வளவு பெட்ரோல் விடணும்ங்கற மேப்ப நானே எழுதி வெச்சிருக்கேன், செட்டிபாளையம் கரி டிராக்குல மட்டும்தான் ஓடும், ரோட்டுல எடுக்கறதில்ல. மொத தடவ வைட்பேண்ட் வாங்கறப்ப நான் பாத்தது டிஸ்ப்ளேதாங்க, நல்லா பளிச்சுனு நம்பர் தெரியுது, வெலை மத்ததுல நாலுல ஒரு பங்கு, சென்சார் பாஷ்னு பெட்டில போட்டிருக்கு, வேற என்ன வேணும்னு வாங்கிட்டேன். ஃபுல் த்ராட்டில்ல லாம்டா (1னா பெட்ரோலும் காத்தும் சரியான அளவு, அதுக்குக் கீழ போனா பெட்ரோல் ஜாஸ்தி, மேல போனா கம்மி) 0.87 காட்டுச்சு, நான் வேணும்னு நெனச்ச அதே நம்பர். பக்கத்துல பட்டறை வெச்சிருக்கற மெக்கானிக் அண்ணன் பிளக்கைக் கழட்டிப் பாத்துட்டு "தம்பி, வெள்ளையா இருக்கு, எனக்கு சரியாப் படல"ன்னு சொன்னாரு, கார்புரேட்டர் காலத்துல இருந்து பிளக் கலர் பாத்தே செட்டிங் பண்ணவரு, நான் அவரு பேச்ச விட்டுட்டு மீட்டர நம்புனேன். மூணாவது செஷன்ல நாக்கிங் (என்ஜின் தட்டற சத்தம்), எறக்கிப் பாத்தா ரெண்டாவது சிலிண்டர் பிஸ்டன்ல ரிங் உக்கார்ற எடம் ஒடஞ்சிருந்துச்சு. அப்பறம் ஒரு நண்பரோட ஒரிஜினல் சென்சாரக் கடன் வாங்கி மாட்டினா அதே மேப் 0.95 காட்டுது, நான் நெனச்சத விட பெட்ரோல் கம்மியாத்தான் போயிட்டிருந்திருக்கு! நான் வாங்கினது டூப்ளிகேட். அண்ணன் கிட்ட அன்னிக்கே போய் மன்னிப்பு கேட்டேன்.

அதனால மொதல்ல சொல்றது, கேஜுங்கறது வெறும் ஜன்னல், அளக்கறது சைலன்சர் பைப்புக்குள்ள இருக்கற சென்சாரும் அத ஓட்டற கன்ட்ரோலரும்தான். வண்டியோட வர்ற சாதா சென்சார் இருக்குல்ல, 1976லயே வால்வோ கார்ல வந்த வகை, அது 0.45 வோல்ட்டுக்கு இந்தப் பக்கம் ரிச் (பெட்ரோல் ஜாஸ்தி), அந்தப் பக்கம் லீன் (பெட்ரோல் கம்மி)னு மட்டும்தான் சொல்லும், எவ்வளவு ரிச், எவ்வளவு லீன்னு சொல்லத் தெரியாது. வைட்பேண்ட்ல கூடவே ஒரு பம்ப் செல் இருக்கு, உள்ள ஒரு சின்ன அறைல ஆக்சிஜன சரியான அளவுல வெக்கறதுக்கு கன்ட்ரோலர் எவ்வளவு கரண்ட் கொடுக்க வேண்டியிருக்குங்கறத அளந்துதான் லாம்டா கணக்கு போடறாங்க. இதெல்லாம் சென்சார் சரியான சூட்டுல இருந்தாத்தான் நடக்கும், பாஷோட எல்எஸ்யு 4.9ங்கற சென்சாருக்கு 780 டிகிரி, பழைய 4.2 மாடலுக்கு 750. அந்த சூட்ட ஹீட்டர் வழியா பிடிச்சு வெக்கறது கன்ட்ரோலர் வேலை, மலிவான கன்ட்ரோலர் கோட்டை விடற எடமும் இதுதான்.

எத வாங்கறதுன்னு கேட்டா, இன்னிக்கு புதுசா வாங்கறவங்க 4.9 போடற கிட்டாப் பாத்து வாங்குங்க. 4.2 வெளிக்காத்த ரெஃபரன்ஸா வெச்சு அளக்கற வகை, பக்கத்துல ஆயில் புகை பெட்ரோல் ஆவி இருந்தா அந்தக் காத்தே கெட்டு ரீடிங் நகந்துரும், அடிக்கடி வெளிய எடுத்து காத்துல வெச்சு காலிபரேட் பண்ணணும். 4.9ல ரெஃபரன்ஸ் ஆக்சிஜன சென்சாரே பம்ப் பண்ணிக்குது, அதனால அந்தத் தொந்தரவு கிடையாது. என்டிகே கம்பெனி சென்சாரும் நல்லதுதான், ஆனா உங்க கன்ட்ரோலர் எதுக்கு செஞ்சதோ அதத்தான் போடணும், கலந்து போட்டா ரீடிங் பொய். அப்பறம் கனெக்டருக்குள்ள ஒரு குட்டி ரெசிஸ்டர் இருக்கு, ஒவ்வொரு சென்சாருக்கும் ஃபேக்டரில அளந்து வெச்சது, ஒயர் நீளம் பத்தலன்னு கனெக்டர வெட்டிட்டா அந்தக் கணக்கு போச்சு, தயவுசெஞ்சு வெட்டாதீங்க.

ஈசியூக்கு சிக்னல் எப்படிப் போகுதுன்னும் கேட்டு வாங்குங்க. முடிஞ்சா கேன் லைன்ல (டிஜிட்டலா சிக்னல் போற ஒயர்) போறதா எடுங்க. 0 டு 5 வோல்ட் அனலாக்னா எர்த்த ஈசியூ எர்த் இருக்கற அதே எடத்துல கொடுக்கணும், 10ல இருந்து 20 வரைக்கும் ஏஎஃப்ஆர் (ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தன பங்கு காத்துங்கற கணக்கு) ஸ்கேல் வெச்சிருந்தா எர்த்துல வெறும் 0.1 வோல்ட் வித்தியாசம் வந்தாலே 0.2 ஏஎஃப்ஆர் தப்பாப் போகும், கேஜ் ஒண்ணு காட்டும் லேப்டாப் வேற ஒண்ணு காட்டும்.

இப்ப இ20க்கு வர்றேங்க. லாம்டா 1க்கு வேண்டிய ஏஎஃப்ஆர் எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு 14.7, 10 சதவீதம் கலந்தா 14.1 பக்கம், 20 சதவீதம்னா 13.5 பக்கம். அதாவது இ10ல போட்ட மேப்ப அப்படியே இ20ல ஓட்டினா கிட்டத்தட்ட 4 சதவீதம் லீனாப் போகும், கம்பெனி வண்டில க்ரூஸ்ல (ஒரே சீரா ஓட்டறப்ப) சென்சார் பாத்து திருத்திக்கும், நம்ம எழுதின மேப்ல ஃபுல் த்ராட்டில்ல திருத்த ஆளில்ல. இதுல இன்னொரு குழப்பம். கேஜ் உண்மையிலேயே அளக்கறது லாம்டாவ, அத 14.7ஆல பெருக்கித்தான் ஏஎஃப்ஆர்னு காட்டுது, பெட்ரோல்ல என்ன கலந்திருக்குன்னு அதுக்குத் தெரியாது. ஒரு தம்பி இ20க்கு 13.5தான் சரின்னு எங்கயோ படிச்சுட்டு கேஜ்ல 13.5 வர்ற மாதிரி க்ரூஸ் மேப் போட்டிருந்தாரு, அது லாம்டா 0.92, சும்மா ஓட்டறப்பவே பெட்ரோலக் கொட்டிட்டு இருந்துச்சு வண்டி. கேஜை லாம்டாவுக்கு மாத்தி வெச்சுட்டா இந்த வம்பே இல்ல, எந்த பங்க்ல எந்தக் கலவை அடிச்சாலும் 1 ஒண்ணுதான். லாம்டா காட்டாத கேஜ் வாங்கவே வேண்டாம்.

மாட்டறதுல ரெண்டு வார்த்த. மேனிஃபோல்டு ஜாயின்ட்ல லீக் இருந்தா வெளிக்காத்து உள்ள இழுத்து லீன்னு காட்டும், மிஸ்ஃபயர் ஆனாலும் எரியாத ஆக்சிஜன் போறதால லீன்னுதான் காட்டும், அதப் பாத்து பெட்ரோல் ஏத்திட்டே போகாதீங்க. பங் (சென்சார் திருகி மாட்டற மரை வளையம்) வெல்டிங் பண்றப்ப பைப்புக்குக் கீழ வெக்காதீங்க, தண்ணி தேங்கி சூடான செராமிக் வெடிக்கும், கடிகாரத்துல 10 மணிக்கும் 2 மணிக்கும் நடுவுல மேல் பக்கமா இருக்கட்டும். டர்போ வண்டின்னா டர்போவுக்குப் பின்னாடி.

இத எழுதறப்ப என் மனசுல இருக்கறது காலேஜ் பசங்கதாங்க. ஃபார்முலா பாரத்ங்கற, காலேஜ் பசங்க தாங்களே ரேஸ் கார் கட்டற போட்டிக்கு கரி டிராக்குக்கு வர்ற டீம்ல பல பேர் கேடிஎம் 390 மாதிரி ஒத்த சிலிண்டர் என்ஜின்தான் போடறாங்க, ராத்திரி பகலா தூங்காம வேல பாக்கறாங்க, காசு பத்தாம கடைசில சென்சார்லதான் மிச்சம் பிடிக்கறாங்க. ஒத்த சிலிண்டர், பைப்பும் குட்டை, சென்சார் பைப்போட நுனிக்குக் கிட்ட இருந்தா ஐடில்ல வெளிக்காத்து திரும்பி வந்து ரீடிங்கக் கெடுக்கும், அது தெரியாம மேப்ப மாத்தி மாத்தி வண்டி ஸ்டார்ட் ஆகாம நின்ன பசங்களப் பாத்திருக்கேன், பாக்கவே கஷ்டமா இருந்துச்சு. ஸ்டீரிங் வீல் கொஞ்சம் சாதாவா இருந்தாலும் பரவால்ல தம்பிகளா, சென்சார் மட்டும் நேரா டீலர் கிட்ட பில்லோட வாங்குங்க, வாங்கின அன்னிக்கே தெரிஞ்சவங்களோட நல்ல சென்சார் பக்கத்துல வெச்சு ஒப்பிட்டுப் பாருங்க. ஹீட்டர் கரண்ட் இல்லாம சென்சார பைப்புல விட்டுட்டு என்ஜின ஓட்டாதீங்க, கரி படிஞ்சு சீக்கிரம் செத்துரும், அன்னிக்கு தேவையில்லன்னா கழட்டிட்டு பங்ல போல்ட் போட்டு மூடிருங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்