வாடிக்கையாளர்களுக்கு: அந்த வாய்ஸ் மெசேஜ் பற்றியும் ரேடியேட்டர் லீக் பற்றியும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

நம் பட்டறையைப் பற்றி வாட்ஸப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் சுற்றுவது உங்களில் பலருக்குத் தெரியும். சிலர் எனக்கே அனுப்பி, "என்னங்கண்ணா இது?" என்று கேட்டுவிட்டீர்கள். ஒரு லீக்கை அடைத்துவிட்டு, வேண்டுமென்றே இன்னொரு ஓட்டை போட்டு அனுப்புகிறோமாம். கூலி அதிகம், வண்டி நிறுத்த இடமில்லை என்று சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அந்த மெசேஜில் பேசியவரின் வண்டி குன்னூர் ஏற்றத்தில், பர்லியார் தாண்டி ஹீட் ஆகி நின்று நம்மிடம் வந்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தால், இன்ஜினைக் குளிர வைக்கும் கூலன்ட்டே இல்லை. துருப்பிடித்த தண்ணீர், அதன்மேல் மஞ்சள் தூள். லீக்கை அடைக்க யாரோ போட்டது. போர் தண்ணீரையே ஊற்றி ஓட்டியதில் கோர், அதாவது ரேடியேட்டரின் குழாய்ப் பகுதி, முழுக்க உப்பு அப்பியிருந்தது. ரேடியேட்டரையே மாற்றிவிடலாம் என்றோம். "இப்போதைக்கு லீக்கை மட்டும் நிறுத்துங்க" என்றார். சரி என்று செய்தோம். நாங்கள் சொன்னது பில்லிலேயே எழுதியிருக்கிறது.

லீக் இருக்கும்வரை உள்ளே அழுத்தம் ஏறாது. மூடியும் நன்றாக இருந்து, கசிவும் இல்லையென்றால் சுமார் ஒரு பார் (வெளிக்காற்றின் அழுத்தம் அளவு) அழுத்தம் கூடுதலாக நிற்கும். அதனால்தான் 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் 120 வரை தாங்குகிறது. ஓட்டையை அடைத்ததும் அந்த அழுத்தம் முழுவதும் அடுத்த பலவீனமான இடத்தில் போய் முட்டும். அலுமினியக் கோரும் பிளாஸ்டிக் டேங்க்கும் சேரும் மடிப்பில் ரப்பர் காய்ந்திருந்தால் அங்கே வழியும். உப்பு அரித்த குழாய் என்றால் அங்கே பொத்துக்கொள்ளும். பழைய சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போட்டவர்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம்.

தண்ணீர் குறைந்தாலே ரேடியேட்டர்தான் என்றும் இல்லை. ஹோஸ் கிளாம்ப், வாட்டர் பம்ப் எல்லாம் பார்க்க வேண்டும். வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாமல் குறைந்தால் இன்ஜினுக்குள் தண்ணீர் இறங்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் மேல்தான் சந்தேகம். வெறும் மூடியை மட்டும் மாற்றி அனுப்பிய வண்டிகளும் உண்டு. அதற்கெல்லாம் யாரும் வாய்ஸ் மெசேஜ் போடுவதில்லை.

அப்பா பித்தளை ரேடியேட்டருக்கு ஈயம் பற்றவைத்த காலத்திலிருந்து வருகிறவர்கள் இருக்கிறீர்கள். அந்த மெசேஜ் வந்த குரூப்பிலேயே எங்களுக்காகப் பேசியவர்களும் இருக்கிறீர்கள். உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

இனி உங்கள் கண்முன்னால்தான் பிரஷர் டெஸ்ட். பம்ப் அடித்தபின் மீட்டர் முள் இறங்குகிறதா என்று நீங்களே பார்க்கலாம். வேலை முடிந்ததும் இன்னொரு முறை. கழற்றிய ரேடியேட்டரைத் தொட்டியில் முக்கும்போது எங்கே குமிழி விடுகிறது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த டெஸ்டுக்கு வரும் 1ஆம் தேதி முதல் 350 ரூபாய், பில்லில் கழியாது.

அப்புறம், வழியில் ஹீட் ஆகி நின்றால் தயவுசெய்து மூடியில் கை வைக்காதீர்கள். ஆறும்வரை விட்டுவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள். ஞாயிறும் மதியம்வரை பட்டறை திறந்திருக்கும்.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர்
மேட்டுப்பாளையம் சாலை, கோவை