அரைக்கால் பெரிசா, கால் பெரிசா?

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் பேசினால் அம்மா "சாப்பிட்டியா"வில் ஆரம்பித்து "ஸ்வெட்டர் போட்டியா"வில் முடித்துவிடுகிறாள். உங்கள் முறை வருவதற்குள் எனக்கு பஸ் வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள்.

மழை விட்டதா? கலெக்டர் லீவு விட்ட செய்தியை வாட்ஸப்பில் பார்த்தேன். கெடிலத்தில் தண்ணீர் எவ்வளவு போகிறது? இங்கே இங்கிலாந்தில் மழைக்கு லீவு விட ஆரம்பித்தால் பள்ளிக்கூடமே நடக்காது. டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. ஏழு மணிக்கு பஸ் ஏறும்போதும் இருட்டு, வீடு திரும்பும்போதும் இருட்டு. வெயிலை வகுப்பறை ஜன்னலில் பார்த்தால்தான் உண்டு.

செப்டம்பரில் தொடங்கிய டேர்ம் கிறிஸ்துமஸ் வரை ஓடும். நடுவில் அக்டோபர் கடைசியில் ஒரு வாரம் லீவு விட்டார்கள், முழுக்கத் தூங்கினேன். தினம் ஐந்து பீரியட், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். வகுப்புக்கு முப்பது பேர். "முப்பதுதானா? எனக்கு அறுபத்தெட்டு!" என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. ஆனால் அந்த அறுபத்தெட்டு பேரும் நீங்கள் நுழைந்ததும் எழுந்து நிற்பார்கள். இங்கே என் கஷ்டம் அவர்களை உட்காரவைப்பது. பாடம் தயாரிக்கவும் நோட்டுத் திருத்தவும் வகுப்பு நேரத்தில் பத்தில் ஒரு பங்காவது ஒதுக்கவேண்டும் என்று விதியே இருக்கிறது. அந்த ஒரு பங்கில் எத்தனை நோட்டு முடியும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மிச்சமெல்லாம் வீட்டுக்கு வருகிறது. அதுவும் எங்கள் பள்ளியில் சிவப்பு மை கூடாது. பிள்ளைகள் மனசு உடைந்துவிடுமாம், அதனால் பச்சையில் திருத்துகிறோம்.

நான் கிளம்பும்போது, "அவங்க ஊர்ல கணக்கு சொல்லித்தர ஆளில்லையா?" என்று கேட்டீர்களே, நிஜமாகவே இல்லை அப்பா. நம் ஊரில் படித்த கணக்கு, சயின்ஸ், மொழி ஆசிரியர்களும் இங்கே தகுதிச் சான்றுக்கு விண்ணப்பிக்கலாம் என்று 2023 பிப்ரவரியில் வழி திறந்ததே அதனால்தான். பி.டி. மாஸ்டர் கணக்குப் பாடமும் எடுக்கிற பள்ளிகள் உண்டு.

எழுத வந்த விஷயம் இதுதான். ஏழாம் வகுப்பில் ஒரு பையன். காலையில் பெல் அடிக்குமுன் பள்ளியில் தருகிற டோஸ்டுக்கு முதல் ஆளாக வந்து நிற்பான். பின்னங்களைச் சிறிதிலிருந்து பெரிதாக எழுதச் சொன்னேன். நாலில் ஒன்றைவிட எட்டில் ஒன்று பெரியது என்று எழுதினான். நாலைவிட எட்டு பெரியதுதானே! எனக்கு என்ன தோன்றியதோ, "எங்க ஊர்ல இதுக்குப் பேரே அரைக்கால். காலில் பாதி" என்றேன். அவன் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான். பிறகு வகுப்பே என்னை விடவில்லை. அரைக்காலில் பாதி மாகாணி, இருபதில் ஒன்று மா, எண்பதில் ஒன்று காணி என்று முந்திரி வரைக்கும் இறங்கினேன். 320-இல் ஒன்று என்றதும் ஒரு பெண், "அவ்வளவு சின்னதா எதை மிஸ் அளப்பீங்க?" என்றாள். நிலம், நெல் என்று சமாளித்தேன். எங்கள் பக்கத்தில் அந்தப் பேரில் ஒரு பருப்பும் விளைகிறது என்று சொன்னதற்கு யாரும் நம்பவில்லை.

மறுநாள் அந்தப் பையன் நோட்டின் மேல் ஆங்கில எழுத்தில் அரைக்கால் என்று எழுதி வந்தான். எனக்குக் கால் தரையில் இல்லை. வெள்ளிக்கிழமை டெஸ்ட் வைத்தேன். காலும் அரைக்காலும் சேர்ந்தால் பன்னிரண்டில் இரண்டாம்! மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிட்டான்.

இப்போது செவ்வாய்தோறும் பள்ளி விட்டதும் அவனையும் இன்னும் மூன்று பேரையும் உட்காரவைத்துச் சொல்லித்தருகிறேன். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. முதல் செவ்வாய் அந்த நாலு தலையும் நோட்டில் கவிழ்ந்திருந்ததைப் பார்த்ததும் நம் வீட்டுத் திண்ணை ஞாபகம் வந்தது. டென்த் ஃபெயிலான பையன்கள் கோணிமேல் உட்கார்ந்திருப்பார்கள். நான் சமையலறையில் அம்மா பக்கத்தில் ஹோம்வொர்க் எழுதுவேன். எனக்கு அவர்களைக் கண்டாலே ஆகாது. என் அப்பாவின் சாயங்காலம் முழுக்க அவர்களுக்குப் போயிற்று.

தானே புயல் அடித்த 2011 டிசம்பர் 30 ஞாபகம் இருக்கிறதா? நம் வீட்டு ஓடு பாதி பறந்துவிட்டது. மூன்றாம் நாள் பஸ் இல்லை, ரோட்டில் மரங்கள் விழுந்து கிடந்தன. நீங்கள் நெல்லிக்குப்பம் தாண்டி உங்கள் பள்ளிக்கு சைக்கிளிலேயே போய், நனைந்த பத்தாம் வகுப்பு நோட்டுகளைக் கட்டிக்கொண்டு வந்தீர்கள். துணி உலர்த்தின கொடியில் அவற்றைத் தொங்கவிட்டீர்கள். "பப்ளிக்குக்கு மூணு மாசம்தான் இருக்கு" என்றீர்கள். எங்கள் துணி ஈரமாகவே மூலையில் கிடந்தது. அம்மா அன்றைக்கு உங்களோடு பேசவில்லை, நானும்தான். இதை இதுவரை உங்களிடம் சொன்னதில்லை. அந்தக் கோபம் முழுக்கப் போய்விட்டது என்றும் சொல்லமாட்டேன். ஆனால் போன செவ்வாய் மணி ஐந்தானது எனக்கே தெரியவில்லை.

இப்போது ஒரு உதவி. அந்தத் திண்ணைப் பையன்களுக்குப் பின்னம் கூட்டச் சொல்லித்தரும்போது கரும்பைத் துண்டு போட்டு வைத்து ஏதோ செய்வீர்கள். வெட்டுகிற சத்தமும் கடைசியில் அவர்கள் அதைக் கடித்துத் தின்கிற சத்தமும்தான் சமையலறைக்குக் கேட்கும். நடுவில் என்ன செய்தீர்கள் என்று நான் பார்த்ததே இல்லை. அதை ஒரு தாளில் படம் போட்டு எழுதி, தம்பியிடம் சொல்லி போட்டோ எடுத்து அனுப்புங்கள். செவ்வாய்க்குள் வேண்டும். இந்தப் பக்கத்துக் கடையில் கரும்பு கிடையாது. கேரட் வாங்கி வைத்திருக்கிறேன்.

உங்கள் மகள்