தண்ணீர் திறந்தவரையும் நினைவில் வையுங்கள்: சேலம் மாமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சேலம் மாநகராட்சி மேயர் அவர்களுக்கும் மாமன்ற உறுப்பினர்களுக்கும், வணக்கம்.

நான் செவ்வாய்ப்பேட்டைக்காரன். பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். எங்கள் தெருவில் தண்ணீர் விடும் நாளில், நீளமான இரும்புச் சாவியை வண்டியில் குறுக்கே வைத்துக்கொண்டு ஊழியர் ஒருவர் வருவார். தெருமுனைக் குழியின் மூடியைத் தூக்கி, சாவியை உள்ளே விட்டு இரண்டு கையாலும் திருப்புவார். குழாயில் முதலில் காற்று சீறும், அப்புறம் தண்ணீர். குடத்தோடு நிற்பவர்கள் அவர் என்ன சாதி என்று கேட்பதில்லை. "அண்ணே, இன்னும் பத்து நிமிஷம் விடுங்க" என்றுதான் கேட்பார்கள்.

நூறு வருடத்துக்கு முன் இதே ஊரில் நிலைமை அப்படி இல்லை. 1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவராக இருந்த வக்கீல் சி. ராஜகோபாலாச்சாரி, அக்ரகாரத்துக்குத் தண்ணீர் திறந்துவிடும் வேலைக்கு ஒரு தலித் ஊழியரை அனுப்பினார். ராஜகோபாலாச்சாரியின் சொந்த சாதிக்காரர்களே கொதித்தார்கள். சட்டம் எதுவும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஒரு நகராட்சித் தலைவரின் கைக்கு எட்டிய அதிகாரம் ஒரு குழாய்ச் சாவி, அதை யார் கையில் கொடுப்பது என்று முடிவு செய்தார், அவ்வளவுதான்.

ராஜாஜி என்றால் கவர்னர் ஜெனரல், பாரத ரத்னா என்று டெல்லியிலிருந்தே பேச ஆரம்பிக்கிறோம். எனக்கு அதில் வருத்தம் உண்டு. 1900-இல் சேலத்தில்தான் அவர் வக்கீல் தொழில் தொடங்கினார். 1937-இல் சென்னை மாகாணப் பிரதமர் ஆனதும் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில், அக்டோபர் 1 அன்று. அதனால் குறைந்த வருமானத்தை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி போட்டார். அதே ஆண்டில்தான் ஆலய நுழைவுக்கான சட்டமும் வந்தது.

வேதியியல் வாத்தியாருக்கு இன்னொன்றும் முக்கியம். 1916-இல் அவரும் நண்பர்களும் அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்றே ஒரு சங்கம் வைத்து, 'தமிழ் சாஸ்திர பரிபாஷை' என்று இதழும் நடத்தினார்கள். நாட்டு விவகாரம் பார்த்துக்கொண்டிருந்த அரசியல்வாதி, பின்னாளில் சாதாரண ஆளுக்கு ரசாயனம் சொல்ல 'திண்ணை ரசாயனம்' எழுதினார். ஆக்சிஜனுக்குத் தமிழில் என்ன பெயர் என்று பத்தாம் வகுப்பில் கேள்வி எழும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும். 'சக்கரவர்த்தித் திருமக'னுக்கு 1958-இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்ததைப் பலரும் அறிவார்கள். பரிபாஷை இதழைத்தான் யாரும் பேசுவதில்லை.

எல்லாவற்றிலும் அவரோடு நான் ஒத்துப்போகிறேன் என்று நினைக்க வேண்டாம். பள்ளியில் இந்தியைக் கட்டாயமாக்கியது தவறு. 1953-இல் மறுபடி முதலமைச்சராக இருந்தபோது அவர் கொண்டுவந்த, பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்ற திட்டத்தைக் குலக்கல்வி என்று எதிர்த்தவர்கள் பக்கம்தான் என் மனசு. அடுத்த ஆண்டே பதவியை விட்டார், காமராசர் வந்ததும் திட்டம் போனது. சாவியைக் கொடுத்த அதே கை இதையும் எழுதியது. இரண்டையும் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். 80 வயதில் சுதந்திரா கட்சி தொடங்கி, எதற்கெடுத்தாலும் லைசென்ஸ், பர்மிட் என்று நிற்க வைக்கிற அரசை எதிர்த்ததையும் சேர்த்துத்தான்.

என் கோரிக்கை இது. 1917 முதல் 1919 வரையான நகராட்சித் தீர்மானங்களைத் தேடி எடுங்கள், ஸ்கேன் செய்யுங்கள், தமிழில் ஒரு சிறு நூலாகக் கொண்டுவாருங்கள். புதிய சிலை வேண்டாம். அந்தத் தண்ணீர் ஊழியரின் பெயர் ஏதாவது ஒரு பதிவேட்டில், சம்பளப் பட்டியலில் இருந்தால் அதை நூலின் முதல் பக்கத்தில் போடுங்கள். 2028 டிசம்பர் 10 அன்று ராஜாஜிக்கு 150 வயது ஆகிறது, அதற்குள் முடிக்கக்கூடிய வேலைதான்.

பழைய கையெழுத்தைப் படிக்கவும், மொழிபெயர்க்கவும், பிழை பார்க்கவும் ஆள் வேண்டுமென்றால் நானும் என்னோடு ஓய்வு பெற்ற நாலைந்து ஆசிரியர்களும் வருகிறோம். காசு எதுவும் வேண்டாம், உட்கார ஒரு மேசையும் நல்ல வெளிச்சமும் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஓர் ஓய்வு பெற்ற ஆசிரியர்